தேற்றமும் தெளிவும்

நுழையும்முன்

பேசுகிறவர் தம் குரலை உயர்த்தியும் இடைநிறுத்தியும் எது முதன்மையானது என்பதைக் கேட்பவருக்கு உணர்த்திவிடுகிறார். எழுத்துக்குக் குரல் இல்லை. எழுத்தில் குரலின் பணியைத் தொடரமைப்பே செய்கிறது. உயர்கல்வியில் மாணவர்கள் படிக்கவிருக்கும் அறிவியல் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றில் ஒரு கருத்து எவ்வாறு வலியுறுத்தப்படுகிறது, அவ்வலியுறுத்தல் எப்போது உண்மைக்குத் துணைநிற்கிறது, எப்போது அதனை மறைக்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆரவாரம் நீக்கிய நடை

இலண்டனில் 1660ஆம் ஆண்டு ராயல் கழகம் தோன்றியது. எவர் கூறினும் அவர் சொல்லையே சான்றாகக் கொள்ளலாகாது என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரை அக்கழகம் தன் குறிக்கோளுரையாகக் கொண்டது. கழகத்தின் செயலரான ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய 'ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்னும் இதழ் இன்றும் வெளிவருகிறது. கழகத்தின் வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்பிராட், அறிவியல் எழுத்தில் அணிநயங்களும் சொற்பெருக்கும் தவிர்க்கப்பட வேண்டும் என்றும், கணிதத்துக்குரிய எளிமை வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

இந்த மரபு வேரூன்றிய பின்னர், 'மிகமிக வியப்பான', 'ஐயத்துக்கே இடமற்ற' போன்ற அடைமொழிகள் அறிவியல் எழுத்தில் மதிப்பிழந்தன. எனினும், ஓர் ஆய்வாளர் தாம் கண்டவற்றுள் எது முதன்மையானது என்பதைச் சுட்டியே ஆக வேண்டும். அடைமொழிகள் விட்டுச்சென்ற அப்பணியைத் தொடரமைப்பு ஏற்றுக்கொண்டது.

இரு மொழிகள், இரு வழிகள்

தமிழில் ஒரு சொல்லை வலியுறுத்த இடைச்சொற்கள் உள்ளன. ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் அடங்கும். தேற்றம் உறுதியை உணர்த்தும். பிரிநிலை ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும். 'நீரே' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தாலே வலியுறுத்தல் நிகழ்ந்துவிடுகிறது. மேலும், வேற்றுமை உருபுகள் சொற்களின் உறவைக் காட்டுவதால் தமிழ்த் தொடரில் சொற்களை இடம் மாற்றவும் இயலும்.

ஆங்கிலத்தில் இந்த வசதி குறைவு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் வரிசையே அங்குப் பொருளைத் தீர்மானிக்கிறது. 'வாட்டர் ஸ்ப்ரெட்ஸ் காலரா' என்றால் நீர் காலராவைப் பரப்புகிறது என்று பொருள். சொற்களை மாற்றிக் 'காலரா ஸ்ப்ரெட்ஸ் வாட்டர்' என்றால் பொருளே தலைகீழாகிவிடும். இவ்வாறு சொல்வரிசை கட்டுண்டிருப்பதால், வலியுறுத்தலுக்கென்று தனித்த தொடரமைப்புகளை ஆங்கிலம் வளர்த்துக்கொண்டது. அவற்றை அறிவியல் வரலாற்றின் ஒரு நிகழ்வைக் கொண்டு அறியலாம்.

பிராட் தெருவின் கிணறு

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. பத்து நாள்களுக்குள் 500 பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவர் பலரின் நம்பிக்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதனை ஏற்கவில்லை. இறந்தோரின் வீடுகளை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இறப்புகள் பிராட் தெருவில் இருந்த கைப்பம்பு ஒன்றைச் சூழ்ந்து நிகழ்ந்திருந்தன. அருகிலிருந்த ஏழையர் விடுதியில் தனிக் கிணறு இருந்தது; அங்கு இறப்புகள் மிகக் குறைவு. அத்தெருவின் மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் பம்பு நீரைக் குடிக்கவில்லை, அவர்கள் தப்பினர். தொலைவில் ஹாம்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்மணி அக்கிணற்று நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வருவித்துக் குடித்தார்; அவர் காலராவால் மாண்டார்.

நீர் காலராவைப் பரப்புகிறது என்னும் இக்கருத்தை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக வலியுறுத்தலாம் என்று காண்போம்.

1. பிளவுத் தொடர்

'இட் இஸ் வாட்டர் தட் ஸ்ப்ரெட்ஸ் காலரா' என்பது முதல் வகை. ஒரே தொடர் 'இட் இஸ்', 'தட்' என்னும் சொற்களால் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பிளவின் முற்பகுதியில் நிற்கும் சொல் அழுத்தம் பெறுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் 'பிளவுத் தொடர்' என்னும் பொருள்படும் பெயரை இட்டார். 'காலராவைப் பரப்புவது நீரே' என்பது இதற்கு நேரான தமிழ்.

இத்தொடர் இரண்டு செயல்களைச் செய்கிறது. ஏதோ ஒன்று காலராவைப் பரப்புகிறது என்பதைப் படிப்பவர் முன்பே ஒப்புக்கொண்டதாக அது எடுத்துக்கொள்கிறது. பின்னர், அந்த ஒன்று காற்று அன்று, நீர் என்று பிரித்துக் காட்டுகிறது. ஆகவே, மாற்றுக் கருத்து ஒன்று நிலவும்போதே பிளவுத் தொடர் பொருத்தமானது. மறுப்பதற்கு எவரும் இல்லாத இடத்தில் அதனைப் பயன்படுத்துவது, எதிரி இல்லாத களத்தில் வாள் வீசுவதை ஒக்கும்.

2. முடிவை நிறுத்திவைக்கும் தொடர்

'வாட் ஸ்ப்ரெட்ஸ் காலரா இஸ் வாட்டர்' என்பது இரண்டாம் வகை. இது 'காலராவைப் பரப்புவது எதுவோ, அது நீர்' என்னும் கருத்தைத் தருகிறது. இங்கு முதன்மையான சொல் இறுதியில் நிற்கிறது. முற்பகுதி படிப்பவர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்புகிறது, இறுதிச்சொல் விடையளிக்கிறது. நெடிய விளக்கத்துக்குப் பின் முடிவைக் கூறும் இடங்களில் இவ்வமைப்பு பயன்படுகிறது.

3. துணைவினை அழுத்தம்

'வாட்டர் டஸ் ஸ்ப்ரெட் காலரா' என்பது மூன்றாம் வகை. 'டூ', 'டஸ்', 'டிட்' என்னும் துணைவினைகள் வினாவிலும் எதிர்மறையிலும் வருவன. அவை உடன்பாட்டுத் தொடரில் வந்தால் ஐயத்தை மறுக்கின்றன. தமிழில் இதன் ஆற்றலை 'நீர் காலராவைப் பரப்பவே செய்கிறது' என்னும் தொடர் அப்படியே தருகிறது. 'நீர் நோயைப் பரப்புவதில்லை' என்று ஒருவர் கூறியிருந்தால்தான் இதற்கு இடமுண்டு.

4. செயப்பாட்டுவினைத் தொடர்

'காலரா இஸ் ஸ்ப்ரெட் பை வாட்டர்' என்பது நான்காம் வகை. 'காலரா நீரால் பரப்பப்படுகிறது' என்பது இதன் பொருள். செயப்பாட்டுவினை எழுத்தாளரை மறைப்பதற்காக மட்டுமே அறிவியல் எழுத்தில் வருகிறது என்று பலர் கருதுகின்றனர். ஆனால், அதற்கு மற்றொரு பயனும் உண்டு. முன்பே பேசப்பட்ட பொருளான காலராவைத் தொடரின் தொடக்கத்திலும், புதிய செய்தியான நீரை இறுதியிலும் நிறுத்த அது உதவுகிறது.

ஜார்ஜ் கோபென், ஜூடித் ஸ்வான் என்னும் இருவர் 1990இல் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரையில் இதனை விரிவாக விளக்கினர். ஆங்கிலம் படிப்பவர், அறிந்த செய்தியைத் தொடரின் முதலிலும் முதன்மையான புதுச்செய்தியை இறுதியிலும் எதிர்பார்க்கிறார். அந்த இறுதியிடத்தை அவர்கள் அழுத்தம் விழும் இடம் என்றனர். அவ்விடத்தில் முதன்மையற்ற சொல் வந்து அமர்ந்தால் படிப்பவர் தவறான செய்தியைப் பற்றிக்கொள்கிறார்.

5. தலைமாற்றுத் தொடர்

ஐந்தாம் வகையில், 'ஒன்லி' என்று தொடங்கும் ஒரு பகுதி தொடரின் முன்னே வருகிறது. அதன் விளைவாகத் துணைவினை எழுவாயைத் தாண்டி முன் செல்கிறது. 'பம்பின் கைப்பிடி அகற்றப்பட்ட பின்னரே நோய் தணிந்தது' என்னும் கருத்தை ஆங்கிலத்தில் இவ்வமைப்பில் கூறினால் தொடர் மிகுந்த மிடுக்கைப் பெறும். வழக்கமான சொல்வரிசை குலைவதால் படிப்பவரின் கவனம் உடனே அங்குத் திரும்புகிறது.

மிடுக்கு உண்மையாகாது

ஐந்தாம் வகைக்குக் காட்டிய எடுத்துக்காட்டை மாணவர்கள் மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். தொடர் இலக்கணப் பிழையற்றது, ஓசையும் உடையது. ஆனால், அது கூறும் செய்தி சான்றுக்கு மாறானது.

ஸ்நோவின் வேண்டுகோளை ஏற்று உள்ளூர் அதிகாரிகள் 1854 செப்டம்பர் 8 அன்று கைப்பிடியை அகற்றினர் என்பது உண்மை. எனினும், அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. மக்களில் பெரும்பாலோர் அப்பகுதியை விட்டு வெளியேறியிருந்தனர். இதனை எடுத்துக் கூறியவர் ஸ்நோவே ஆவார். கைப்பிடியை அகற்றியதால்தான் நோய் நின்றது என்று அவர் வலியுறுத்தியிருந்தால், படிப்போர் நம்பியிருக்கக்கூடும். அவர் புகழும் பெருகியிருக்கக்கூடும். ஆனால், சான்று தாங்காத எடையைத் தம் தொடரின்மேல் ஏற்ற அவர் உடன்படவில்லை.

பிளவுத் தொடரிலும் இத்தகைய இடர் உண்டு. 'காலராவைப் பரப்புவது நீரே' என்று கூறும்போது பிற வழிகள் யாவும் விலக்கப்படுகின்றன. கழுவாத கைகளாலும் அவற்றால் தொடப்பட்ட உணவாலும் காலரா பரவக்கூடும் என்பதை ஸ்நோவே குறிப்பிட்டுள்ளார். காற்றை மறுக்கும் வரையில் அத்தொடர் சரியானது; கைகளையும் உணவையும் மறுக்கும் அளவுக்கு அது விரிந்தால் பிழையாகிவிடும். ஏகாரம் எதனைப் பிரிக்கிறது என்று அறியாமல் அதனைச் சேர்த்தல் தகாது.

குறைத்துக் கூறும் வலிமை

வலியுறுத்தல் எப்போதும் அழுத்திக் கூறுவதாகவே அமைவதில்லை. அடக்கிக் கூறுவதும் சில இடங்களில் அழுத்தமாகும்.

ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் அமைப்பை விளக்கிய கட்டுரை 1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அது ஒரு பக்கத்துக்குச் சற்றே மிகுந்த சிறு கட்டுரை. மரபுப் பண்புகள் எவ்வாறு படியெடுக்கப்பட்டுத் தலைமுறைகளுக்குச் செல்கின்றன என்னும் பெருவினாவுக்கு அவ்வமைப்பு விடையைத் தன்னுள் கொண்டிருந்தது. அதனைக் குறிப்பிடும் இடத்தில் அவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. இணைகள் பொருந்தும் முறை படியெடுப்புக்கான ஒரு வழியை உடனே உணர்த்துகிறது என்பது தங்கள் கவனத்துக்குத் தப்பிவிடவில்லை என்ற கருத்தை ஒரே தொடரில் கூறி நிறுத்திக்கொண்டனர்.

இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து ஓர் உடன்பாட்டைத் தருவதை மாணவர் அறிவர். தப்புதல் என்பது கவனத்தில் இல்லாமையைக் குறிக்கும். தப்பவில்லை என்பது அவ்வில்லாமையை மறுக்கிறது. 'நாங்கள் இதனைக் கண்டுகொண்டோம்' என்னும் உரிமையை அத்தொடர் நிலைநாட்டுகிறது. 'இதனை மெய்ப்பித்துவிட்டோம்' என்று கூறவும் மறுக்கிறது. கட்டுரையில் இக்கருத்தை விரிவாக எழுத வேண்டும் என்று கிரிக் விரும்பினார்; அமைப்பு தவறாக இருந்துவிடுமோ என்று வாட்சன் தயங்கினார். இருவர் நிலைக்கும் இடையே பிறந்த இணக்கமே அத்தொடர். அவ்வாண்டு மே 30 அன்று வெளிவந்த இரண்டாம் கட்டுரையில் அக்கருத்தை அவர்கள் விரித்துரைத்தனர்.

அழுத்தம் இடம் மாறியபோது

தொடரமைப்பு என்பது தேர்வுத்தாளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதில் மனித உயிர்களின் பாதுகாப்பும் அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று சான்றாகும்.

அவ்வாண்டு ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் அதில் பயணம் செய்தனர். புறப்பட்ட ஏறத்தாழ 82 நொடிகளில், எரிபொருள் கலத்தின் புறப்பகுதியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று இடப்பக்கச் சிறகின்மேல் மோதியது. விண்ணோடம் விண்வெளியில் இருந்த நாள்களிலேயே பொறியாளர்கள் சேதத்தின் அளவைக் கணிக்க முயன்று, அதனைத் திரையில் காட்டும் பக்கங்களாக மேலாளர்களுக்கு அளித்தனர்.

அவற்றுள் ஒரு பக்கம் பின்னாளில் பெரிதும் ஆராயப்பட்டது. அதன் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பின் பக்கமே சாய்கின்றன என்னும் எண்ணத்தைப் படிப்பவர்க்கு ஊட்டியது. அத்தலைப்பின் கீழே செய்திகள் பல படிநிலைகளாகச் சிறுத்துச் சென்றன. பக்கத்தின் அடியில், மிகச் சிறிய படிநிலையில் ஒரு செய்தி இருந்தது. பழைய சோதனைகளில் பயன்பட்ட நுரைத்துண்டின் பருமன் 3 கன அங்குலம். இப்போது கருதப்பட்ட பருமனோ 1920 கன அங்குலம். அதாவது, 640 மடங்கு. பழைய சோதனைகளை இந்நிகழ்வுக்குப் பொருத்திப் பார்க்கவே இயலாது என்பதே அதன் பொருள். முதன்மையான அந்த உண்மை அடியில் கிடந்தது. அதற்கு மாறான எண்ணத்தை ஊட்டும் தொடர் தலைப்பில் நின்றது.

அப்பக்கத்தை ஆராய்ந்த எட்வர்ட் டஃப்டி என்னும் அறிஞர் மற்றொன்றையும் சுட்டினார். 'சிக்னிஃபிகன்ட்' என்னும் சொல்லும் அதன் திரிபும் அங்கு 5 முறை வந்திருந்தன. புள்ளியியலில் அச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் உண்டு. ரொனால்டு ஃபிஷர் 1925இல் எழுதிய நூலால் அப்பொருள் பரவியது. தற்செயல் மட்டுமே காரணமாக இருந்தால் இத்தகைய முடிவு கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையே அது உணர்த்தும். பொதுவழக்கிலோ 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும். அப்பக்கத்தில் அச்சொல் எந்த அளவையும் சுட்டாமல் நின்றது. 640 மடங்கு என்னும் எண்ணைத் தெளிவாகக் கூற வேண்டிய இடத்தில் அளவில்லாத ஓர் அழுத்தச்சொல் அமர்ந்துகொண்டது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதைந்தது. எழுவரும் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்தத் திரைப்பக்கத்தையும் எடுத்து ஆராய்ந்தது. முழுமையான தொழில்நுட்பக் கட்டுரைகளுக்கு மாற்றாகத் திரைப்பக்கங்களை நம்பும் வழக்கத்தை அது குறைகூறியது.

விபத்துக்குக் காரணம் அந்தப் பக்கமே என்று இங்கு ஒரு பிளவுத் தொடரை எழுதுதல் பொருந்தாது. முந்தைய பயணங்களிலும் நுரைத்துண்டுகள் பெயர்ந்து மோதியதால் அதனை இயல்பானதாகக் கருதிய மனப்பாங்கு, சிறகைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள்கள் ஏற்கப்படாமை எனக் காரணங்கள் பல. ஆயினும், தெளிவான ஒரு தொடர் அந்த மேலாளர்கள் முன் ஓர் உண்மையை நிறுத்தியிருக்கும்: 'சோதனையில் பயன்பட்ட துண்டைவிட, மோதிய துண்டு 640 மடங்கு பெரியதாக இருக்கலாம், ஆகவே சிறகு பாதுகாப்பாக உள்ளது என்று அச்சோதனைகளைக் கொண்டு கூற இயலாது.' இதில் அடைமொழி இல்லை. முதன்மையான எண்ணும் முதன்மையான முடிவும் படிப்பவர் கண்ணில் படும் இடத்தில் உள்ளன.

அழுத்தத்தின் நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம். முதலாவது, வலியுறுத்தல் ஒரு வினாவுக்கோ ஐயத்துக்கோ மாற்றுக் கருத்துக்கோ விடையாக அமைதல் வேண்டும். இரண்டாவது, அழுத்தத்தின் அளவு சான்றின் அளவை மிஞ்சலாகாது. மூன்றாவது, ஒரு பத்தியில் எல்லாத் தொடர்களும் அழுத்தம் பெற்றால் எத்தொடரும் அழுத்தம் பெறுவதில்லை. நான்காவது, அளவைக் கூற இயலும் இடத்தில் அழுத்தச்சொல்லை விடுத்து அளவையே கூறுதல் வேண்டும்.

ஆங்கில அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் அழுத்தம் விழும் சொல்லை முதலில் அடையாளம் காணுதல் வேண்டும். 'இட் இஸ்' என்பதை 'அது ஆகும்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அழுத்தம் அழிந்துவிடும். அதற்குரிய இடத்தில் ஓர் ஏகாரம் நின்றால் போதும். அதுபோலவே, ஆங்கிலத்தில் இல்லாத அழுத்தத்தை 'தான்' என்னும் சொல்லால் புகுத்துவது மூலநூலாசிரியர் கூறாத உறுதியை அவர்மேல் ஏற்றுவதாகும்.

ஓர் அறிவியல் தொடரைப் படிக்கும் மாணவர் இரண்டு வினாக்களை எழுப்புதல் நன்று: இத்தொடரில் அழுத்தம் எச்சொல்லின்மேல் விழுகிறது? அந்த அழுத்தத்தைத் தாங்கும் சான்று எங்கே? இரண்டாம் வினாவுக்கு விடை கிடைக்காத இடத்தில், தொடர் எத்துணை மிடுக்கு உடையதாயினும் அதனை ஏற்காமல் மேலும் ஆராய்தலே அறிவியல் நெறியாகும்.